கிணற்றடித் திராட்சை

இந்த ஊரில் துணி உலர்த்துவதே ஒரு பெரிய வேலை, ரத்னா. காலையில் கயிற்றில் போட்ட வேட்டியைச் சாயங்காலம் எடுத்தால், வெயில் காய்ந்த நாளிலும் ஓரத்தில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். அப்படியே மடித்து வைத்தால் மறுநாள் பூஞ்சை வாடை. நீ உள்ளே வந்தபோது உன் நரைத்த தலையைவிட, உன் புடவையின் மொடமொடப்புதான் முதலில் என் கண்ணில் பட்டது. பூனாவில் காற்று வறண்டிருக்கும் என்று தம்பி பெருமாள் சொல்லியிருக்கிறான்.

காபியைக் குடி. சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். நீ அப்படித்தான் குடிப்பாய் என்பது எனக்கு மறக்கவில்லை.

வந்ததும் நீ இரண்டு விஷயம் கேட்டாய். கருத்தரங்கில் வைப்பதற்கு என் தம்பியின் படம் ஒன்று வேண்டும் என்றாய். தருகிறேன். இன்னொன்றை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாய். "அன்னைக்கு அவரு ஏன் அக்கா அப்பிடி ஒரு பொய் சொன்னாரு?" அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் அடுப்படியில் நின்று பார்த்தவளுக்குத் தெரிந்த மாதிரிதான் என்னால் சொல்ல முடியும். உனக்கு ஏற்கெனவே தெரிந்ததும் இடையில் வரும். பொறுத்துக்கொள்.

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மண்டியில் வேலை பார்த்தார். சுசீந்திரம் பக்கத்திலிருந்து எங்களை இந்த மலையாளத்து ஊருக்குக் கூட்டிவந்து ஸ்ரீவராகத்தில் இந்த வீட்டில் குடிவைத்தவர், ஒரு விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே போயிருந்தாள். பகவதிப்பெருமாளுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். பையனையும் கூடவே அழைத்துவரச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் நான் இன்னொருவருக்கும் சோறு போடவேண்டியிருக்கும் அல்லவா? தம்பிக்காக வாழ்க்கையைவிட்டவள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

அவன் படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, கல்லூரியின் ஆராய்ச்சித் தோட்டத்தில் திராட்சையைக் கட்டிக்கொண்டு அழுதான். இந்த ஊர் மண்ணில் குறை இல்லை, காற்றில்தான் குறை என்பான். கொடி தழைக்கும், பூக்கும், காய்க்கும். பழுக்க வேண்டிய சமயத்தில், வைகாசி நடுவில், இடவப்பாதி மழை வந்துவிடும். பச்சைக் காயிலேயே பூஞ்சை படர்ந்து குலைகுலையாக அழுகும். மழை வருவதற்கு முன்பே நிறம் மாறுகிற ஒரு கொடி வேண்டும். அந்தக் குணத்தை வெளியிலிருந்து உரம் போட்டுக் கொடுக்க முடியாது, அது விதைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பான். அவன் ஆயுளெல்லாம் தேடியது அதைத்தான்.

போனக்காடு எஸ்டேட்டில், துரை விட்டுப்போன பாழ் பங்களாவின் பின்னால், அத்தனை பனியிலும் பூஞ்சை பிடிக்காத கொடி ஒன்று கிடப்பதாக யாரோ சொன்னார்கள். அதே தோட்டத்தில் அவனோடு வேலை பார்த்த நீயும் அவனுமாக வித்துரா பஸ்ஸில் ஏறிப் போனீர்கள். அதன் மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, கம்பத்துப் பன்னீர் திராட்சையின் பூவில் வைத்து விதை எடுத்தீர்கள். அந்த விதைகளில் முளைத்த ஒன்றைத்தான் நம் கிணற்றடியில் நட்டான். கல்லூரித் தோட்டத்தில் மாடு புகுந்துவிடும், ஸ்டிரைக் என்றால் கேட்டையே பூட்டிவிடுவார்கள். "வீட்டுல இருந்தா அக்கா பாத்துக்கிடுவா" என்றான்.

நான் பார்த்துக்கொண்டேன். கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றியது நான். பந்தல் கட்டியது நான். நீ சனிக்கிழமைகளில் வந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் எனக்கு விஷயம் தெரியவந்தது. யாரும் நேராகச் சொல்லவில்லை. நான் தீயல் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க தம்பியோட திராட்சை பழுக்கதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிரும் பாருங்க" என்றாய் நீ.

"நரைச்சா என்ன? மை அடிச்சு மணவறையில இருத்திரலாம்" என்றான் அவன்.

"ரெஜிஸ்டர் ஆபீஸ்ல ஏது மணவறை? கால் ஆடுத பெஞ்சுதான் உண்டு."

"ஆடாம நான் பிடிச்சுக்கிடுகேன்."

இருவரும் சிரித்தீர்கள். பிறகுதான் நான் நிற்பது நினைவுக்கு வந்து, நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் உனக்கு இன்னொரு கரண்டி தீயல் ஊற்றினேன். அதையும் நீ மறந்திருக்க மாட்டாய்.

நீ மார்த்தாண்டத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் என்பதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. பக்கத்து வீட்டுச் சிவகாமியம்மாள் ஜாடையாக ஏதோ கேட்டபோதுகூட, "எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது மாமி" என்று அவள் வாயை அடைத்தவள் நான். என் குறை வேறு. அவன் கைகழுவ வந்த இடத்தில் என்னிடம் சொன்னான்: "குலை நிறம் மாறட்டும்க்கா. அந்தக் கட்டுரை ஒண்ணு போதும், பூனாவுல ரெண்டுபேருக்கும் வேலை உறுதி. ரெஜிஸ்டர் பண்ணிட்டுப் போயிருவோம். நீயும் எங்ககூட வந்துரு."

"அந்தக் குளிரு எனக்கு ஆகாது மக்கா. நீங்க போங்க" என்றேன். அன்று சாயங்காலம் பாயசம் வைத்தேன்.

இன்னொரு நாள், பச்சைக் குலையைப் பறித்து அரிசிப் பானையில் வைத்தால் பழுக்காதா என்று அவனிடம் கேட்டேன். வாழைக்காயை அப்படித்தானே பழுக்க வைக்கிறோம். "திராட்சை அந்த ஜாதி இல்லக்கா" என்றான். "கொடியைவிட்டு எடுத்தா அத்தோட சரி. பிறகு அழுகும், பழுக்காது." எனக்கு அது நன்றாகப் புரிந்தது. அவனும் அந்த ஜாதிதான் என்று பட்டது. இந்த வீட்டைவிட்டு எடுத்தால் அவன் என்ன ஆவான் என்று யோசிக்க வேண்டியவள் நான் ஒருத்திதானே.

நிறம் மாறாவிட்டால் அவன் இருப்பான். இதில் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை என்றுதான் நினைத்தேன். ஒரு செடி போனால் இன்னொரு செடி.

எங்கள் ஊரில் பக்கத்து விளைக்காரரின் வாகைமரம் ஒன்று எங்கள் தொழுவத்தின்மேல் சாய்ந்து நின்றது. அப்பா கோடரி எடுக்கவில்லை. வெட்டினால் சண்டை வரும். அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் பட்டையை மட்டும் செதுக்கி எடுத்தார். அந்த மழைக்காலம் முழுக்க மரம் பச்சையாகத்தான் நின்றது. பிறகு தானாகப் பட்டுப்போனது. பக்கத்து விளைக்காரர் கடைசிவரை வேர்ப்புழு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதம். குலையில் காய்கள் சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தன. நீங்கள் இருவரும் கல்லூரியில் இருந்தீர்கள். காய் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு போய், கொடியின் அடியில் ஒரு சாண் உயரத்தில், பட்டையைச் சுற்றி இரண்டு கோடு கீறினேன். நடுவில் இருந்ததை உரித்து எடுத்தேன். அகலமாக எடுக்க மனம் வரவில்லை, நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கொடி அல்லவா? மோதிரம் கழற்றிய விரல் மாதிரி அந்த இடம் வெளுத்து, வழுவழுவென்று ஈரமாக இருந்தது.

எறும்பு ஏறாமலிருக்க அந்தக் கொடியின் அடியில் களிமண் பூசித் தென்னைநார் சுற்றுவது என் வழக்கம். அன்றும் பூசிச் சுற்றினேன். சாயங்காலம் அவன் பார்த்துவிட்டு, "எறும்புக்கு எதிரா நீ கோட்டை கெட்டியாச்சா?" என்று கேலி செய்தான். வேறு யார் கட்டியிருந்தாலும் பிரித்துப் பார்த்திருப்பான். நான் கட்டியதை அவன் தொடவில்லை.

கொடி வாடும் என்று காத்திருந்தேன். வாடவில்லை. மழைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவன் "அக்கா" என்று கூப்பிட்ட குரலைக் கேட்டு, கிணற்றில் விழுந்துவிட்டானோ என்று ஓடினேன். பந்தலின் கீழ் நின்று அழுதுகொண்டிருந்தான். குலையில் காய்கள் கருநீலமாகத் திரும்பியிருந்தன.

அவை பழுத்து முடிந்த அன்று முதல் பழத்தை என் வாயில்தான் வைத்தான். நீ பக்கத்தில் நின்றாய். "எக்கா, அவளுக்கே முதல் மரியாதைன்னு நினைக்காத. உனக்குப் பிறகுதான் எல்லாரும்" என்றான். நல்ல இனிப்பு. அன்றைக்குத்தான் உங்கள் துறைத்தலைவர் நாகேஸ்வரன் காமிராவோடு வந்து உங்களைப் பந்தலடியில் நிறுத்திப் படம் எடுத்தார்.

அவன் கட்டுரை எழுதினான். கொடியிலிருந்து குச்சிகள் வெட்டி, கம்பத்துக்கும் பெங்களூருக்கும் பூனாவுக்கும் அனுப்பினான். அங்கே காய்த்துப் பழுக்கட்டும், வேலை உத்தரவு வரும், பிறகு கல்யாணம் என்று நாள் தள்ளிப்போனது. எங்கேயும் முன்கூட்டிப் பழுக்கவில்லை. நம் கிணற்றடியிலேயே மறுவருஷமும் அதற்கடுத்த வருஷமும் குலை பச்சையாக நின்று மழையில் அழுகியது. கல்லூரியில் அவன் முகத்துக்கு நேராகவே கேட்டார்களாம், "டாக்டரே, அந்தக் குலை சாலைக் கடைத்தெருவுல வாங்கி நூலுவச்சுக் கெட்டினதாணோ?" என்று. அவன் அதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சோற்றில் கை வைக்கவில்லை.

எமர்ஜென்சிக் காலம். யாரும் யாருக்கும் தயவு காட்டப் பயந்த நேரம். விசாரணை வைத்தார்கள்.

அப்போதுதான் ஒருநாள் அவன் இல்லாதபோது நீ வந்தாய். அடியிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கப்போகிறேன் என்று சொல்லி, தென்னைநாரை அவிழ்த்துக் களிமண்ணைத் தட்டினாய். பட்டை மூடிய இடம் வளையல் போட்ட மாதிரி தடித்திருந்தது. நீ அங்கேயே உட்கார்ந்துவிட்டாய்.

"அக்கா, இதுல யாரோ பட்டை எடுத்திருக்காவ" என்றாய்.

"எடுத்தா என்ன?" என்றேன்.

"இலை உண்டாக்குத இனிப்பு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்கும். வழியை அடைச்சா அது மேலேயே நின்னு குலைக்குப் போவும். சீக்கிரம் பழுக்கும். வெளிநாட்டுல தோட்டக்காரங்க வேணும்னே செய்யுத வேலையாக்கும் இது. அவரு கொடியோட குணம்னு நினைச்சிட்டாரு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாய். "நீங்களா அக்கா?"

அந்த நிமிஷம்வரை எனக்கு அது தெரியாது. கொல்லப் போன கத்திதான் பழுக்க வைத்தது என்று நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. ஏதோ நாட்டு வைத்தியம் என்று நீயே முடிவு செய்துகொண்டாய். உன் நல்ல மனசு அது.

"பயப்படாதீங்க. அவர்ட்ட நீங்களே சொல்லிருங்க. தப்பு நடந்த விதத்தை எழுதிக் குடுத்தா விசாரணை அத்தோட முடிஞ்சிரும். ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பாரு, பிறகு காலம்பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றாய்.

"இன்னைக்கே சொல்லுகேன் மோளே" என்றேன்.

அன்றைக்கே சொன்னேன். விளக்கேற்றுகிற நேரத்துக்கு வந்தவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வளையத்தைக் காட்டினேன். "இது என்னன்னு எனக்குத் தெரியாது மக்கா. காய் பிடிச்ச வருஷம், சித்திரையில ஒரு நாள் நான் கோயிலுக்குப் போயிட்டு வாறேன், ரத்னா இந்த இடத்துல கத்தியோட குத்தவச்சு உக்காந்திருந்தா. உங்க ஜோலி ஏதோன்னு நானும் கேக்கல்ல."

அவன் குனிந்து அந்தத் தடிப்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினான். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பட்டையை எடுத்தால் பழம் பழுக்கும் என்பது அடுப்படியில் கிடக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? படித்தவளுக்குத்தான் தெரியும்.

"பாவம்க்கா அவ" என்றான் கடைசியில். "எனக்காக அவசரப்பட்டுட்டா. அவ பேரு எங்கயும் வரப்பிடாது."

மறுநாள் விசாரணையில், தானே பட்டையை எடுத்ததாகவும், பெயர் கிடைக்கும் என்று தெரிந்தே செய்ததாகவும் சொல்லிவிட்டான். வெளியே வராந்தாவில் நீ நின்றாயாம். "அக்கா எல்லாம் சொல்லிட்டாங்கல்லா?" என்று கேட்டாயாம். "சொல்லிட்டா" என்றானாம். வீட்டுக்கு வந்து, "அவளே கேட்டுட்டா அக்கா. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. இனி அவ மூஞ்சியப் பாத்தா ஏண்டீன்னு கேட்டுருவேன். கேட்டா உடைஞ்சுபோவா. வேண்டாம்" என்றான்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். அக்காவைக் காப்பாற்ற அவன் பொய் சொன்னான் என்று நீ இத்தனை காலம் நினைத்திருக்கிறாய். உன்னைவிட அக்கா பெரிதாகப் போய்விட்டாள் என்ற வருத்தத்தோடு பூனா ரயில் ஏறினாய். இல்லை ரத்னா. அவன் பொய் சொன்னது உனக்காக. எனக்காக அவன் அப்படி ஒன்றும் செய்ததில்லை.

கர்ச்சீப் இல்லையென்றால் அந்தத் துண்டை எடுத்துக்கொள். துவைத்ததுதான்.

அவன் வேலை போயிற்று. முன்னறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தான். அந்த வருஷங்களை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் அவனுக்கு வெந்நீர், மத்தியானம் அவனுக்குப் பிடித்த குழம்பு. சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பான். கொடியை வெட்டிவிடலாம் என்றால் விடமாட்டான். அங்கே உட்கார்ந்தால் உன்னைத்தான் நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆகவே மறுபடி ஒருமுறை பட்டையை எடுத்தேன். இந்தத் தடவை அகலமாக எடுத்தேன். வேருக்கு ஒன்றும் இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நீ சொல்லித் தந்துவிட்டாயே.

கொடி கொஞ்சநாள் பச்சையாக நின்றுவிட்டுக் காய்ந்தது. களிமண்ணை அவன் பிரித்துப் பார்ப்பான் என்று நான் நினைக்கவில்லை. பிரித்தான். நீ பூனாவில் இருந்தாய். கத்தியோடு வந்து குத்தவைக்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து குழம்பில் உப்பு குறை என்றுகூடச் சொன்னதில்லை. போட்டதைத் தின்றான். பிறகு அதுவும் குறைந்தது. மஞ்சள் காமாலை வந்து படுத்தான். டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். அங்கே யார் கவனிப்பார்கள் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டான். "ரத்னாட்ட ஒரு வார்த்தை சொல்லணும். வரச்சொல்லி ஒரு தந்தி அடி." ஆகட்டும் மக்கா என்றேன். அடிக்கவில்லை.

நாகேஸ்வரன் சொல்லித்தான் நீ வந்தாய் என்று நினைக்கிறேன். நல்ல மழை. கேட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்றாய். வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று தெரியாது என்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. நீ கேட்டைச் சாத்திவிட்டு மெதுவாகப் போனாய்.

அவன் வேலூருக்குப் போகவில்லை, ரத்னா. நீ இப்போது முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாயே, அந்த அறையில்தான் படுத்திருந்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. கேட்டின் சத்தம் கேட்டிருக்கிறது.

"யாரு அக்கா?" என்றான்.

"பால்காரி" என்றேன்.

"ரத்னா மாதிரி இருந்துது" என்றான். நான் போர்வையைச் சரிசெய்தேன். சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த வாரத்திலேயே போய்விட்டான். உனக்கு நான் தகவல் அனுப்பாததற்குக் காரணம், நீ மழையில் மறுபடி அலைய வேண்டாம் என்றுதான்.

முதன்முதலில் பழுத்த அன்று அவன் உன் கையில் கொடுத்த குலையின் விதைகளை நீ எடுத்துப்போய், முளைக்கவைத்து, அதில் ஒன்று இப்போது உண்மையிலேயே மழைக்கு முன்பு பழுக்கிறது என்றாய். அதற்கு அவன் பெயரை வைக்கப்போகிறேன் என்றாய். நல்லது. அவனுக்கு அதில் சந்தோஷமாக இருக்கும்.

படம் இந்தா. நாகேஸ்வரன் பந்தலடியில் எடுத்ததுதான். சட்டத்தைக் கழற்றிப் பார். உன் பாதியைப் பின்னால் மடித்துத்தான் கண்ணாடி போட்டேன். கிழிக்கவில்லை. மடிப்பை நீவிவிட்டால் நீயும் இருப்பாய். உன் கை அவன் தோளில் இருக்கும்.

எழுந்துவிட்டாயா? வெளியே தூறுகிறது, குடையை எடுத்துக்கொள். கூட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. சொன்னாலும் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போவதற்குமுன் ஒன்று சொல்லிவிட்டுப் போ. அவனை நன்றாக அறிந்தவள் என்னைத் தவிர நீ ஒருத்திதான்.

தாயில்லாப் பிள்ளை. நான் அவனை நன்றாகத்தானே வளர்த்தேன்?